எல்லையை ஏற்க மறுத்தவர்

டிசம்பர் 31

இந்த நாட்டுக்கு இன்று கடைசி நாள். அதைக் கொண்டாட, பக்கத்து வீட்டு ஹில்டே கேக் கொண்டுவந்தாள். பாதி வெள்ளை, பாதி சிவப்பு. வெள்ளை வடக்கு, அதாவது நாங்கள். சிவப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம், தெற்கு. எந்தப் பக்கத்தில் வெட்டட்டும் என்று கேட்டாள். எனக்குச் சீனி வருத்தம், இரண்டு நாடும் வேண்டாம் என்றேன்.

வடக்கு எப்போதும் ஒரு கட்சிக்கே வாக்குப் போடும். தெற்கு எப்போதும் மற்றக் கட்சிக்கு. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அரசாங்கம் அமைக்க ஒரு வருடம் இழுபடும். அமைத்தது மழை தொடங்கமுன் கவிழும். கடைசியில் எல்லோரும் களைத்துப்போய், வாக்கெடுப்பு வைத்து, பிரிந்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். ஒரு யன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. விமானங்களைப் பங்கிட்டார்கள், கடனைப் பங்கிட்டார்கள். அரும்பொருளகத்து டைனோசர் எலும்பில் மட்டும் சிறு மனத்தாங்கல். தலை தெற்குக்கும் வால் வடக்குக்கும் போயிற்று. லெந்தமார்க் என்ற பேரையும் நடுவால் வெட்டி, தெற்கு லெந்தா என்றும் வடக்கு மார்க் என்றும் வைத்துக்கொண்டன. இரண்டு பிரதமர்களும் தொலைக்காட்சியில் பூங்கொத்து மாற்றிக்கொண்டார்கள்.

நாங்கள் விட்டுவிட்டு ஓடிவந்த நாட்டிலும் பிரிவது பற்றிக் கொஞ்சம் பேச்சு இருந்தது. அங்கே பூங்கொத்து இருக்கவில்லை.

என் கணவர் குணநாயகம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை இந்த நகரத்தில் ஏழாம் இலக்க ட்ராமை ஓட்டியவர். அது எங்கள் தெருவில் புறப்பட்டு, பாலத்தைத் தாண்டி, தெற்கே சந்தையில் முடியும். சந்தைக்குப் பின்னால்தான் எங்கள் மகள் நிருஜா இருக்கிறாள், அந்தப் பக்கத்து வெள்ளைக்காரனான லூக்கைக் கட்டிக்கொண்டு. வெளிநாட்டுக்கு வந்த எங்களுக்கு நாளையிலிருந்து வெளிநாட்டில் ஒரு மகள். யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்.

பூங்கொத்தைப் பார்த்துவிட்டு இவர், "மலர், உது எந்த நாட்டில நடக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"எங்கட நாட்டிலதான்."

சிரித்தார். பகிடி விடுவதில் இவரை வெல்ல ஆளில்லை.

ஜனவரி 1

புது நாட்டில் கண்விழித்தேன். குழாயில் பழைய தண்ணீர்தான் வந்தது.

ஜனவரி 9

ஏழாம் இலக்கம் இனிமேல் பாலம் வரைதான். அங்கே இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, பாலத்தை நடந்து கடந்தால் மறுகரையில் இன்னொரு ஏழாம் இலக்கம் நிற்கும். நிறம் மட்டும் வேறு.

இவருக்குக் காலைத் தேநீர் குடித்ததும் ஏழில் ஏறிச் சந்தை வரை போய்த் திரும்பாவிட்டால் நாள் விடியாது. போனார். அரை மணியில் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாலத்தில ஏதோ திருத்த வேலை. ட்ராமை மறிச்சுப்போட்டாங்கள். முந்தியெண்டா எங்களுக்கு முதல் நாளே அறிவிச்சிருப்பாங்கள்."

"திருத்த வேலை இல்லையப்பா. அது இப்ப எல்லை."

"ஓமோம்" என்றார்.

மறுநாளும் போனார். மறுநாளும் திருத்த வேலை. இந்தக் கிழமை முழுவதும் திருத்த வேலைதான். சொன்னதை ஏற்றுக்கொள்ளாத பிடிவாதம், கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் காணாததா.

ஜனவரி 26

நாடு பிரிந்த அழகைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளையார் கோயில் சபைக்கும் ஆசை வந்துவிட்டது. கோயில் ஒரு பழைய கம்பளக் களஞ்சியம், வடக்கில் இருக்கிறது. கும்பிடுகிறவர்களில் பாதிக்கு மேல் தெற்கு. அவர்கள் தனிக் கோயில் வேண்டும், சொத்தில் பங்கு வேண்டும் என்கிறார்கள். இன்று பொதுக்கூட்டம்.

ஒரு நாட்டின் இராணுவத்தைப் பிரிக்க இரண்டு பேருக்கு ஒரு மேசையும் கோப்பியும் போதுமாக இருந்தது. எங்களுக்குப் பொங்கல் கிடாரத்தைப் பிரிக்க ஒரு மத்தியானம் போதவில்லை. வடக்குத் தலைவர் ஆசைப்பிள்ளை, பிள்ளையார் அசையமாட்டார் என்றார். தெற்குப் பொருளாளர் நடேசலிங்கம், "பிள்ளையார் உங்களுக்கெண்டா எலி வாகனம் எங்களுக்கு" என்றார். "எலி இல்லாமப் பிள்ளையார் நடந்தோ போறது?" என்று யாரோ கேட்டார்கள். ஒரு கதிரை சரிந்தது. இன்னொன்று பறந்தது. பிறகு தேரைப் பற்றிய சண்டை. வருடா வருடம் தேர் பாலத்தைத் தாண்டித் தெற்குக் கரையில் நின்று திரும்பும். இனி எப்படி?

அப்போதுதான் இவர் எழும்பினார். இவர் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை.

"என்னத்துக்கு உந்தச் சண்டை? தேர் வழமைபோலப் பாலத்தைத் தாண்டிப் போயிட்டு வரட்டும். ஆர் மறிக்கிறது?"

"எல்லை இருக்குதெல்லே அண்ணை" என்றார் நடேசலிங்கம்.

"எல்லையோ? எந்த எல்லை? நான் ஒரு எல்லையையும் காணேல்லை."

முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஆசைப்பிள்ளை எழுந்து வந்து இவரைக் கட்டிப்பிடித்தார்.

இவரும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். அவ்வளவு அடக்கம்.

பெப்ரவரி 3

தமிழ் இணைய வானொலி வீட்டுக்கு வந்தது. ஒரு தாடிக்காரப் பையனும் ஒரு ஒலிவாங்கியும்.

"ஐயா, இந்தப் பிரிவினையை எப்பிடிப் பாக்கிறியள்?"

"எந்தப் பிரிவினை தம்பி?"

பையன் உடைந்துபோனான். "நேயர்களே, இந்த ஒரு கேள்விக்குள்ளேயே எல்லாப் பதிலும் இருக்கிறது" என்றான். மகளைப் பார்க்கக் கடவுச்சீட்டோடு போவது எப்படியிருக்கிறது என்று கேட்டதற்கு, "என்ர பிள்ளையைப் பாக்க எனக்கு என்னத்துக்குக் கடவுச்சீட்டு?" என்றார் இவர். அதை ஒலிபரப்பில் மூன்று முறை போட்டார்கள், பின்னால் வீணையோடு.

நான் பால்தேநீர் கொடுத்தேன். பையன் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டான். "அவர் எப்பவும் இப்பிடித்தான்" என்றேன். அது பொய்யில்லை. கொஞ்ச நாளாக எப்போதும் இப்படித்தான்.

பெப்ரவரி 11

கேத்தில் எரிந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்திருக்கிறார். மின்சாரக் கேத்திலை அடுப்பில் வைத்தால் எரியத்தான் செய்யும். பெரிய மனிதர்கள் வீட்டில் இதெல்லாம் சகஜம்.

வானொலி வெள்ளைக்காரர்கள் காதுக்கும் எட்டிவிட்டது. நாடு பிரியக்கூடாது என்று கடைசிவரை சொன்ன சங்கம் ஒன்று இருக்கிறது. கார்ல் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் தலைவர், அங்கத்தவர்கள் எல்லோரும் ஒரே காரில் வரக்கூடியவர்கள். வந்தார்கள். பழைய கொடியை இவர் மடியில் விரித்துப் படம் எடுத்தார்கள். இவர் கொடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, மேசை விரிப்பு நல்ல தடிப்பு என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

நகரப் பத்திரிகையில் இன்று வெளிவந்திருக்கிறது. ட்ராம் சாரதித் தொப்பியோடு இவர், மேலே கொட்டை எழுத்தில்: எல்லையை ஏற்க மறுத்தவர்.

ஐந்து பிரதி வாங்கினேன். வேறு எந்தச் சொல்லையும்விட இந்தச் சொல் நன்றாகத்தான் இருக்கிறது.

பெப்ரவரி 20

ஹில்டே இவரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். இவர் அவள் கதவை எங்கள் கதவு என்று நினைத்துத் திறப்பை நுழைத்து நுழைத்துப் பார்த்திருக்கிறார். எல்லாக் கதவும் ஒரே பச்சை. யாருக்கும் வரக்கூடிய பிழை.

"என் அம்மாவும் முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் திறக்கப் பார்த்தார்" என்றாள் ஹில்டே. "ஒரு டாக்டரிடம் காட்டலாமே."

நன்றி சொல்லிக் கதவை மரியாதையாகச் சாத்தினேன். நாட்டை உடைக்க வாக்குப் போட்டவள். எதிர்த்து நிற்கிறவரைப் பார்த்தால் வருத்தக்காரர் என்றுதான் சொல்லுவாள். அரசியல்.

மார்ச் 2

நிருஜா அழைத்தாள்.

"அம்மா, அப்பா நேற்று ஃபோனில என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிட்டவர்."

"குரல் அப்பிடிக் கேட்டிருக்கும். உன்ர மாமி, அவற்ர தங்கச்சியின்ர குரல்தானே உனக்கு."

"மாமி செத்து எத்தினை வருஷம். என்னட்டை, அம்மாவுக்கு மருந்து வாங்கினியோ எண்டு கேக்கிறார். எந்த அம்மா? அப்பம்மாவோ?"

வெண்டைக்காய் கருகுகிறது, பிறகு எடுக்கிறேன் என்றேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

"வைக்காதேங்கோ அம்மா. டாக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் வந்து கூட்டிக்கொண்டு போவன், ஆனா இப்ப வேலை நாளில பாலம் கடக்கக் கடவுச்சீட்டு மட்டும் போதாது, அனுமதியும் எடுக்கவேணும். அது வர மூண்டு கிழமை."

"அதை வாக்குப் போடமுன்னம் யோசிச்சிருக்கலாம்."

நிருஜா சொன்னாள்: "ஓம், நான் பிரியச் சொல்லித்தான் போட்டனான். அப்ப உது வெறும் வரி, கட்சி எண்டு நினைச்சன். பாலத்தில கேற் போடுவினம் எண்டு ஆர் கண்டது."

"உன்ர அப்பா கண்டவர்" என்றேன். "பேப்பரில போட்டிருக்கு."

மார்ச் 3

பேசியது கொஞ்சம் கூடிவிட்டது. கத்தரிக்காய்ப் பொரியல் அவளுக்குப் பிடிக்கும். யாரிடம் கொடுத்தனுப்புவது.

மார்ச் 20

காலையில் துருக்கிக்காரர் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. பாலத்துக் காவல் நிலையம்.

நான் வீட்டில் இல்லாத நேரம் இவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏழில் ஏறிப் பாலத்தில் இறங்கியிருக்கிறார். வடக்குக் காவலன் கூப்பிட்டிருக்கிறான். நிற்கவில்லை. தெற்குக் காவலன் முன்னால் வந்து மறித்திருக்கிறான். இவர் பாலத்தின் நடுவில், தண்டவாளத்துக்கு மேலே நின்றுவிட்டார். ட்ராம் வந்தால்தான் போவேன் என்றாராம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாகரிகம். இரண்டு நாட்டு அதிகாரிகளும் வந்து, ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லி, இவர் யாருக்குச் சொந்தம் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அளவு நாடா பிடித்தார்களாம். வலது கால் மார்க்கில், இடது கால் லெந்தாவில். தெற்கு மிகவும் பணிவாக, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. வடக்கு அதைவிடப் பணிவாக, இல்லை, நீங்கள் என்றது. கடைசியில் வடக்கு விட்டுக்கொடுத்து இவரை எடுத்துக்கொண்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கார்ல் நின்றார். பழைய கொடியும், சங்கமும், காசு வாங்காத ஒரு வழக்கறிஞரும். "இன்று ஒரு நாள் உள்ளே இருக்கட்டும் அம்மா" என்றார் கார்ல். "நாளைக்கு இரண்டு நாட்டிலும் இவர் பேச்சுத்தான்." அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்.

அதிகாரி ஒரு பெண். அவளுக்கு முன்னாலும் இவர் படம் வந்த அதே பத்திரிகை. எதிர்ப்புக் காட்டுவதற்காகக் கடவுச்சீட்டைக் காட்ட மறுப்பது புதுச் சட்டத்தில் குற்றம், நீதிமன்றம் போகவேண்டும் என்றாள். எதிர்ப்பு இல்லையென்றால் எச்சரிக்கையோடு விடலாம். எது என்று நான் சொல்லவேண்டும்.

முதலில் அவரைப் பார்க்கவேண்டும் என்றேன்.

ஒரு சின்ன அறையில் மர வாங்கில் இருந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, இரண்டு கையையும் முழங்காலில் விரித்து வைத்திருந்தார், எல்லோரும் பார்க்கக்கூடியதாக, ஊரில் சோதனைச் சாவடியில் வைத்ததுபோல. என்னைக் கண்டதும் முகம் மாறவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

"மலர், கிட்ட வாரும். ஒண்டும் கதையாதையும். அடையாள அட்டை கேட்டா எடுத்துக் குடும். பிள்ளையைக் கீழ இறக்காதையும். தூக்கி வைச்சுக்கொண்டு நில்லும். பிள்ளையைக் கண்டா ஆமிக்காரன் கெதியா விடுவான்."

என் கையில் கத்தரிக்காய்ப் பை இருந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவர் பையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, தலையை ஆட்டினார். சரி என்பதுபோல.

அப்படியே அதிகாரியிடம் போனேன். எனக்கு இந்த நாட்டு மொழி கடைக்குப் போதும், கந்தோருக்குப் போதாது. இன்று ஒரு பிழையும் வரவில்லை.

"என் கணவர் எதையும் எதிர்க்கவில்லை" என்றேன். "நாடு பிரிந்தது அவருக்குத் தெரியாது. பலமுறை சொன்னேன். மனத்தில் நிற்கவில்லை. தான் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்றே அவருக்குத் தெரியாது. அவருக்குச் சுகமில்லை."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்ல் கொடியைச் சுருட்டத் தொடங்கினார். மூலை மூலையாக, மெதுவாக. பிறகு தன் காரில் எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது இவருடைய தொப்பியைத் தட்டித் தூசி போக்கிக் கொடுத்தார்.

மார்ச் 22

பொரியல் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரியிடம் சொன்னதை நானும் இவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 8

ஹில்டேதான் டாக்டரிடம் நேரம் எடுத்துத் தந்தாள். அவளே காரில் கூட்டிப் போனாள். புது அரசாங்கத்தைப் பற்றி வழியில் நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை; பெற்றோல் விலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கெட்டதாகச் சொன்னாள்.

டாக்டர் இளம் பெண். ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டாள், நான் தமிழில் சொன்னேன். இது என்ன மாதம்? "மார்கழி" என்றார். வெளியே மரமெல்லாம் பூ. மூன்று சொல் சொல்லி, பிறகு திருப்பிக் கேட்பேன் என்றாள். திருப்பிக் கேட்டபோது, "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை" என்றார். மணிக்கூடு வரையச் சொன்னாள். வட்டம் நன்றாகவே வந்தது. எல்லா எண்ணையும் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டார், மற்றப் பக்கம் வெறுமை. அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது.

நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

பிறகு கேட்டாள்: "இப்போது நாம் எந்த நாட்டில் இருக்கிறோம்?"

"லெந்தமார்க்" என்றார் இவர், உடனே, ட்ராமில் அடுத்த தரிப்பைச் சொல்லுகிற குரலில்.

டாக்டர் எழுதப்போன கையை நிறுத்தினாள். தாளைப் பார்த்தாள். போன வருடம் அச்சடித்த தாள். அதில் பக்கத்தில் சரியான பதில் என்று போட்டிருந்தது லெந்தமார்க். என்னைப் பார்த்தாள். ஹில்டேயைப் பார்த்தாள். கடைசியில், "என் அப்பாவும் இதைத்தான் சொல்லுகிறார்" என்று சொல்லி முழுப் புள்ளியும் போட்டாள்.

மொத்தம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இவர் வெளியே வந்து, "சோதினை பாஸோ?" என்று கேட்டார்.

"ஒண்டில பாஸ்" என்றேன்.

ஏப்ரல் 19

நடேசலிங்கம் அப்பிள் பெட்டியோடு வந்தார், எல்லை தாண்டி. கோயில் வழக்கு இப்போது இரண்டு நாட்டு நீதிமன்றத்திலும் நடக்கிறதாம். எலி வாகனம் பொலிஸ் பாதுகாப்பில். அதைச் சொல்லி முடித்துவிட்டு, இவர் படுத்திருந்த அறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, பிழையா நினைக்காதேங்கோ. அண்டைக்கு அந்த ஒஃபிசரிட்டை நீங்கள் அப்பிடிச் சொல்லியிருக்கத் தேவையில்லை."

"எப்பிடி?"

"அண்ணைக்கு அந்த வருத்தம் எண்டு. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. வானொலியும் அந்தப் பேட்டியை அழிச்சுப்போட்டுது. பேசாம இருந்திருந்தா ஒரு பெரிய மனிசன் எண்ட பேராவது மிஞ்சியிருக்கும். சனம் இப்ப வேற மாதிரிக் கதைக்குது."

"என்னெண்டு கதைக்குது?"

"அதை விடுங்கோ அக்கா."

தேநீர் குடிக்கச் சொன்னேன். குடித்தார். அப்பிள் பெட்டியைத் திருப்பிக் கையில் கொடுத்து, இறக்குமதி வரி கட்ட எங்களுக்கு வசதியில்லை என்றேன். பாலத்தடியில் அதைச் சாப்பிட்டுக்கொண்டு போகச் சொன்னேன்.

போனபிறகு குசினியில் நின்று கொஞ்சம் அழுதேன். நடேசலிங்கத்துக்காக இல்லை. அவர் சொன்னதைத்தானே நானும் மூன்று மாதமாகச் செய்துகொண்டிருந்தேன், ஐந்து பிரதி வாங்கி.

மே 6

ஜூன் முடியுமுன் ஒவ்வொருவரும் எந்த நாடு வேண்டும் என்று சொல்லலாம். சும்மா இருந்தால் இருக்கிற இடமே நாடு.

இவரைப்போன்றவர்களைப் பகலில் வைத்துப் பார்க்கிற இடம் வடக்கிலும் உண்டு. வரிசையில் நிற்கவேண்டும், நமது முறை வரும்போது எதற்காக நின்றோம் என்று எனக்கும் மறந்திருக்கும். தெற்கில் நிருஜா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒன்று இருக்கிறது. இடமும் இருக்கிறது.

ஓய்வூதியக் கந்தோரில் கேட்டேன். ஏழாம் இலக்கத்தின் தண்டவாளத்தை அளந்துவிட்டார்களாம். தெற்கில் நீளம் கூட என்பதால் ஓய்வூதியத்தில் கூடிய பங்கு தெற்கு தரும், மிச்சம் வடக்கு. பாலத்துத் துண்டைப் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. இவர் ஓட்டியபோது இவ்வளவு பேர் அந்தத் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்ததில்லை.

நிருஜாவுக்குச் சொன்னேன், வருகிறோம் என்று. அவள் அழப்போகிறாள் என்று தெரிந்து, லூக்குக்குப் புட்டுச் சாப்பிடப் பழக்கு, எனக்குப் பாண் ஒத்துவராது என்று பேச்சை மாற்றினேன். அப்படியும் அழுதாள்.

"வீடு சின்னன் அம்மா" என்றாள் அழுகைக்கு நடுவில்.

"நாடும்தான்" என்றேன்.

ஜூன் 14

சாமான் ஏற்றியாயிற்று. சுங்கத்துக்குக் கொடுக்க, ஆட்டுக்கல் முதல் அகப்பை வரை விலாவாரியாகப் பட்டியல் எழுதவேண்டியிருந்தது. ஆட்டுக்கல்லைப் பார்த்து இது ஆயுதமா என்று கேட்டான் ஒருவன். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றேன்.

ஹில்டே வாசலில் நின்று அழுதாள். அவள் வீட்டு யன்னலில் புதுக் கொடி பறந்துகொண்டிருந்தது. நான் வழமைபோல வாயைத் திறந்தேன்.

"பிரியவேண்டும் என்று வாக்குப் போட்டது நீங்கள்தானே."

"அது நாட்டை" என்றாள் ஹில்டே.

கட்டிப்பிடித்துக்கொண்டோம். இவர் அதைப் பார்த்துவிட்டு, முறைக்கு அவளுக்கும் கை கொடுத்து, "உங்கட கேக் நல்லாயிருந்தது" என்றார், தமிழில். எந்தக் கேக், எந்த வருடத்துக் கேக், கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் மொழிபெயர்த்தேன். அவளுக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது.

ஜூன் 27

லெந்தாவில் பதின்மூன்று நாள். இங்கேயும் அரசாங்கம் அமைக்க இழுபடுகிறது. பிரிந்தபிறகு தெற்குக்குள்ளேயே மேற்கு ஒரு கட்சி, கிழக்கு ஒரு கட்சியாம்.

இவர் பகலில் அந்த நிலையத்துக்குப் போகிறார். அங்கே ஒரு பழைய தபால்காரரோடு சிநேகிதம். இரண்டு பேருக்கும் பொது மொழி இல்லை, அதனால் சண்டையும் இல்லை. பின்னேரம் வந்து சாப்பிடுவார். சாப்பிட்டுக் கைகழுவியதும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்பார். ஒவ்வொரு நாளும்.

"வெளிக்கிடும் மலர். வீட்டை போவம்."

நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொய் சொல்லிப் பார்த்தேன். மழை என்றேன், ட்ராம் வேலைநிறுத்தம் என்றேன், திருத்த வேலை என்றுகூடச் சொன்னேன். ஒரு நாள் கோபம் வந்து, இதுதான் வீடு, இது உங்கட மகள் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க முகத்தைப் பார்க்க ஏலாது. உண்மை எல்லோருக்கும் ஒத்துவராது.

இன்றும் கோட்டோடு நின்றார். நிருஜா மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். லூக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். இவர் அவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து, அவர்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்:

"சும்மா எழும்பிப் போகக்கூடாது. சொல்லிப்போட்டுப் போவம். நல்ல மனிசர். முன்ன பின்ன தெரியாத எங்களுக்கு இத்தினை நாள் சாப்பாடு போட்டிருக்கினம்."

நிருஜாவின் கை மேசையில் நின்றுவிட்டது. எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

அவள் துணியை வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். வந்து இவருக்கு முன்னால் நின்றாள், வீட்டுக்கு வந்த ஒரு பெரியவருக்கு முன்னால் நிற்பதுபோல.

"என்ன ஐயா, அதுக்குள்ள வெளிக்கிட்டிட்டியள்? இன்னும் ரெண்டு நாள் நிண்டிட்டுப் போகலாமே."

இவர் கூச்சப்பட்டார். "இல்லைப் பிள்ளை, உங்களுக்குக் கரைச்சல்."

"ஒரு கரைச்சலும் இல்லை. நீங்கள் நிண்டா எங்களுக்குச் சந்தோஷம்."

இவர் என்னைப் பார்த்தார். என்ன சொல்லுகிறீர் என்று கண்ணால் கேட்டார். நான் தலையாட்டினேன்.

"சரி" என்றார். "நீங்கள் இவ்வளவு கேக்கிறியள்."

கோட்டைக் கழற்றி, அதன் தோளை நேராக்கி, கதவுக்குப் பின்னால் கொளுவினார்.